முகம் பார்த்தும் திறக்காத கணக்கு

போன மாதம் என் ஓய்வூதியக் கணக்கு இருக்கும் கிளையிலிருந்து செய்தி வந்தது. கேஒய்சி புதுப்பிக்க வேண்டுமாம். புகைப்படத்தையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை வெயிலில் ஆட்டோ பிடித்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் மகளைவிடச் சின்னவள். நானும் பாங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். படத்தை ஒட்டிக்கொண்டே, "உங்க காலத்துல இந்தக் கறுப்புப் பணச் சட்டம், கேஒய்சி எல்லாம் கிடையாதுல்லா மேடம். நிம்மதியா வேலை பாத்திருப்பீய" என்றாள்.

சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து மோர் குடித்து உட்கார்ந்த பிறகும் அந்த நிம்மதி என்ற சொல் காதைவிட்டுப் போகவில்லை. அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எழுதினால் பாரம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சட்டம் என்ற பெயரில் அப்போது இல்லை. ஆனால் சர்க்குலர் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாமிக் கணக்குகளை ஒழிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவரை ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அது பழைய விதிதான், இனிக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். புகைப்படம் கட்டாயம் என்பது புதிது. ஒரு படம் விண்ணப்பத்தில், இன்னொன்று மாதிரிக் கையெழுத்து அட்டையில். குறிப்பிட்ட தொகைக்கு மேல் ரொக்கம் வாங்கிக்கொண்டு டிராஃப்ட் கொடுக்கக் கூடாது. அந்தத் தொகைக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு டிராஃப்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நாங்களேதான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற உத்தியோகம்.

நான் பரீட்சை எழுதி கிளார்க்காகச் சேர்ந்தது, பயிற்சி என்று மதுரையில் தயிர் சாதம் தின்றது, ஆபீசரானது எல்லாம் ஒரு வரிக்கு மேல் பெறாது. எங்கள் சைவ வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண் நான் என்ற பெருமை மட்டும் தலைக்கு மேல் இருந்தது. ஆபீசராக எனக்குக் கிடைத்த முதல் இடம் காயல்பட்டினத்துக்கு அடுத்த ஊரில் இருந்த கிளை. காலையில் திருச்செந்தூர் பாசஞ்சரில் ஏறினால் ஆறும் வாழையும் வயலும் ஓடி, கடைசியில் உப்பளம் வெள்ளையாகத் தெரியும்போது இறங்க வேண்டும்.

மேனேஜர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், மேனேஜர் சார் என்றே வைத்துக்கொள்வோம். அவரைப் போல் மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரைக்கூட ஒருமையில் அழைக்க மாட்டார். சர்க்குலர் வந்தால் நின்றுகொண்டுதான் படிப்பார், கோயிலில் பதிகம் படிக்கிற மாதிரி. முக்கியமான வரியின் கீழ் சிவப்புப் பென்சிலால் அடிக்கோல் வைத்துக் கோடு போடுவார். பெரிய வாடிக்கையாளர் வந்தால் தன் அறையின் அரைக்கதவைத் தானே திறந்து பிடிப்பார். குரலை உயர்த்த மாட்டார். எதையும் செய் என்றோ செய்யாதே என்றோ உத்தரவு போடவே மாட்டார். இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நீங்க என்ன நினைக்கீய?" என்று கேட்பார். அவர் மனதில் இருப்பதை நாம் நம் வாயால் சொல்லிவிட்டு வெளியே வருவோம். அப்புறம் அது நம் முடிவு. இந்தச் சாமர்த்தியம் புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

புகைப்பட விதி வந்த சில மாதத்தில் உப்பளம் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி வந்தார். எங்கள் கிளையின் பெரிய டெபாசிட்காரர். தன் ஆட்களுக்குச் சேமிப்புப் பழக்கம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாராம். கணக்கப்பிள்ளை ஒரு கட்டு விண்ணப்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் அறிமுகக் கையெழுத்து அண்ணாச்சியுடையது. படங்களும் தயார். ஸ்டூடியோக்காரரை உப்பளத்துக்கே வரவழைத்து, ஒரு போர்வையைக் கட்டி, அதன் முன்னால் நிறுத்தி எடுத்திருந்தார்கள்.

நான்தான் ஒட்டினேன். மூன்றாவது படத்தை ஒட்டும்போது கை நின்றது. முதல் ஆள், இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் எல்லாரும் ஒரே சட்டை. கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. கட்டைப் புரட்டிப் பார்த்தேன். கிழவருக்குத் தொளதொளவென்றும் தடித்தவருக்குப் பிதுங்கிக்கொண்டும் அத்தனை பேருக்கும் அதே சட்டை. ஒருவர் கழற்றிக் கொடுக்க அடுத்தவர் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். உப்பளத்தில் வேலை நேரத்தில் சட்டை எவருக்கு இருந்தது? பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "யூனிஃபார்ம் குடுத்திருக்காரு போல, நல்ல முதலாளி" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

படம் இருந்தது, அறிமுகம் இருந்தது, சர்க்குலர் கேட்டது எல்லாம் இருந்தது. அண்ணாச்சிக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார் மேனேஜர் சார். கணக்குகள் திறந்தன. படத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிறகு கிளைப்பக்கம் வரவில்லை. கையெழுத்துப் போட்ட பணம் எடுக்கும் சீட்டுகளோடு கணக்கப்பிள்ளை மட்டும் வருவார், போவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டிக் காணிக்கை பிரிக்கப் போகிறவர்கள் அந்த வட்டாரம் முழுக்க உண்டு. ஒரு வருஷம் காளி வேடத்தில், முகமெல்லாம் சாயம், வாயில் தொங்கும் பொய்நாக்கு, தலையில் கிரீடத்தோடு ஒருவர் வந்து பணம் எடுக்கச் சீட்டு நீட்டினார். கேஷியர் நிமிர்ந்து பார்த்து, "குரலைக் கேட்டாலே தெரியுது, குரும்பூர் ஆசாரிதானே" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். காளி துண்டில் முடிந்துகொண்டு போனது. ஆளைத் தெரிந்தால் போதும் என்பதுதான் எங்கள் கிளையின் நிஜமான விதி. யாரைத் தெரிந்துகொள்வது என்பதில்தான் எங்கள் யோக்கியதை.

அந்தத் தசரா கழிந்த மாதத்தில்தான் முத்து ஜைனபு வந்தாள்.

வெள்ளைத் துப்பட்டியால் தலையும் முகமும் மூடி, ஆண்கள் வரிசையில் நிற்காமல், பெண் ஆபீசர் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நேரே என் மேசைக்கு வந்தாள். கணவர் வளைகுடாவில் ஒரு துணிக்கடையில் வேலை. அவள் பெயருக்கு டிராஃப்ட் அனுப்பியிருந்தார். கணக்கில்தான் போட முடியும், கையில் பணமாகத் தர முடியாது என்று குறுக்குக்கோடு போட்ட டிராஃப்ட். அவர்கள் ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மருமகன்தான் பெண் வீட்டுக்கு வருவார். அவளுக்கு ஒரே மகள். வீட்டுக்குக் கடைக்கால் போட்டாகிவிட்டது. இனி மேலே எழும்ப இந்தப் பணம் வேண்டும்.

தம்பி பெயரில் கணக்குத் திறந்து அதில் போடலாமா என்று கேட்டேன். அப்படிச் செய்தால் தம்பிக்குத்தான் வீடு எழும்பும் என்றாள். அறிமுகத்துக்கு அவள் தெருவிலேயே எங்கள் வாடிக்கையாளர் ஒரு டீச்சர் இருந்தார், கையெழுத்து வாங்கிவந்திருந்தாள். படம் மட்டும் இல்லை. அவளைப் போன்றவர்கள் பலர் படம் கொடுத்துக் கணக்குத் தொடங்கியிருந்தார்கள், அதையும் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். ஸ்டூடியோவில் ஆண் எடுப்பான், கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் வைப்பான் என்றாள்.

"ஆயுசுல ஒரே ஒரு படம், அது ஹஜ்ஜுக்குப் போறதுக்குத்தான்னு வச்சிருக்கேங்க்கா."

சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். என் மேசை பீரோவுக்குப் பின்னால், ஒதுக்கமான இடம். சுவர்ப்பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் தெரியும்படி துப்பட்டியை விலக்கினாள். என் வயதுதான் இருக்கும். இடது புருவத்தின் நடுவில் ஒரு பழைய தழும்பு, ரோமம் முளைக்காத கோடு. "இந்தா, எம்முகம். நீங்க பாத்தாச்சு. இது போதாதா?" என்றாள்.

போதாது என்றேன். சட்டம் தெரிந்தவளின் குரலில் சொன்னேன், அதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே வழி சொன்னாள். என் வீட்டில் கேமரா இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அந்த வருஷம் பாபநாசம் போனபோது வாங்கியது. நானே வந்து எடுத்தால் அவளுக்குச் சம்மதம், திருநெல்வேலியில் கொடுத்துக் கழுவிக்கொள்ளலாம், அங்கே அவளை யாருக்குத் தெரியும் என்றாள். நான் மேனேஜர் சாரிடம் போனேன். சர்க்குலரை எடுத்து நின்றுகொண்டு படித்தார்.

"படம் யாரு எடுக்கணும்னு இதுல இல்ல. எடுக்கலாம். ஆனா நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்ல, ஆபீசரே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்துருக்காவளேன்னு கேப்பான். உங்களுக்கும் புரமோஷன் இன்டர்வியூ வருது." கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க என்ன நினைக்கீய?"

"வேண்டாம் சார்" என்றேன்.

அவள் டிராஃப்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதைக் கணவருக்கே திருப்பி அனுப்பி ரத்து செய்யச் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. அப்புறம் அவர் எல்லாரும் செய்வதைச் செய்தார். அங்கே ஒருவரிடம் பணத்தைக் கட்டினால் இங்கே ஒருவர் வீட்டு வாசலில் ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுப்பார். படம் வேண்டாம், அறிமுகம் வேண்டாம், கையெழுத்துகூட வேண்டாம். உண்டியல் என்று பெயர். கறுப்புப் பணத்தை ஒழிக்க வந்த சர்க்குலர் ஒரு நேரான பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் உண்டியல்காரர் வாசலில் விட்டது. சர்க்குலரைக் குற்றம் சொல்லுவானேன், அதற்குக் கையும் இல்லை கேமராவும் இல்லை. எனக்கு இரண்டும் இருந்தது.

அடுத்த கோடையில் அந்நியச் செலாவணி விவகாரம் பார்க்கும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். உண்டியல் பணம் கொண்டுபோன ஆளைப் பின்தொடர்ந்து, முத்து ஜைனபு வீட்டு வாசலில், அவள் கையில் பணம் மாறும்போதே பிடித்துவிட்டார்கள். பணத்தை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குக் கதவு, ஜன்னல், மேல்தளம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். அவள் அவர்களிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறாள்: இது என் மாப்பிள்ளை வளைகுடாவில் உழைத்த காசு, முதலில் பாங்குக்குத்தான் டிராஃப்டோடு போனேன், அங்கே இருக்கிற அக்காவைக் கேளுங்கள். கேட்க அவளையும் கூட்டிக்கொண்டே எங்கள் கிளைக்கு வந்திருந்தார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மாதிரி. அவள் டிராஃப்டோடு வந்தது உண்மை என்று நான் சொன்னால், சம்பாத்தியப் பணம் என்பதற்கு அதுவே சாட்சி, எழுதிவைத்துக்கொள்கிறேன், கேஸ் லேசாகிவிடும் என்றார். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஆனால் அவர் மேசைமேல் இன்னொன்றையும் வைத்தார். அவள் கையில் பிடித்த நோட்டுக் கட்டுகளில் ஒன்று. அதைச் சுற்றியிருந்த காகிதப்பட்டையில் எங்கள் கிளை முத்திரை. எங்கள் கவுண்டரிலிருந்து போன கட்டு. அப்படிக் கட்டுக் கட்டாக ரொக்கம் எடுத்துப் போகிறவர் எங்கள் கிளையில் ஒரே ஒருவர்தான். உப்பளத்துக் கணக்கப்பிள்ளை. அந்த ஒரே சட்டைக் கணக்குகளின் பணம்தான் உண்டியலுக்குப் போயிருக்கிறது.

மேனேஜர் சார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னை வெளியே அழைத்தார். முகத்தில் வழக்கமான சாந்தம். ரொம்பப் பைய பேசினார்.

"ஒரு ஆளை ஞாபகம் வந்துட்டுன்னா, எல்லா ஆளையும் ஞாபகம் வரணும்லா. அந்தச் சட்டை வரைக்கும். நீங்க என்ன நினைக்கீய?"

உள்ளே திரும்பி வந்தேன். துப்பட்டி மூடி உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, இவர்தானா என்று அதிகாரி கேட்டார். முகத்தை மூடியிருக்கிறார், எப்படிச் சொல்ல என்றேன். அது ஒரு பதில் என்று அப்போது நினைத்தேன், தப்பித்துவிட்டதாகவும் நினைத்தேன். முத்து ஜைனபு எழுந்தாள். ஆண்கள் கொஞ்சம் வெளியே போகட்டும், அக்காவுக்கு என் முகம் தெரியும் என்றாள். அதிகாரி மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். மேனேஜர் சாரும் போனார், அரைக்கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

அவள் துப்பட்டியை விலக்கினாள். அதே முகம். அதே புருவத் தழும்பு. வெயிலில் வந்ததால் வேர்த்திருந்தது. "நல்லாப் பாருங்கக்கா" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நான் பார்த்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். "சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். துப்பட்டிக்குள்ளிருந்து முத்து ஜைனபுதான் அவரிடம் சமாதானம் சொன்னாள்.

"நாள் ஒண்ணுக்கு எத்தனை பேரு வாராவ. அக்காவுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்."

அந்தப் பணம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நோட்டுக் கட்டைப் பற்றிக் கேட்டபோது, கவுண்டரில் ஆயிரம் பேருக்குக் கட்டு போகிறது என்று மேனேஜர் சார் பணிவாகச் சொன்னார், அதுவும் அத்தோடு நின்றது. அடுத்த வருஷம் வந்த இன்ஸ்பெக்ஷனில் கட்டம் போட்ட சட்டைக் கணக்குகளைப் பார்த்தார்கள். படம் இருக்கிறதா, இருக்கிறது, அறிமுகம் இருக்கிறதா, இருக்கிறது என்று பச்சை மையில் டிக் போட்டார்கள். எனக்குப் புரமோஷன் கிடைத்தது. வீட்டில் பால் பாயசம் வைத்தோம். அதை நான் குடித்தேன், இறங்கவும் செய்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சில வருஷம் கழித்து நான் திருநெல்வேலி டவுன் கிளையில் இருந்தேன். ஒரு மத்தியானம் கணவரோடு ஒரு இளம்பெண் வந்தாள். தலையில் முக்காடு, முகம் திறந்திருந்தது. அந்த முகத்தை எங்கோ பார்த்தது போல இருந்தது, புருவத்தில் மட்டும் ஏதோ குறைந்தது. ஹஜ் பயணத்துக்குப் பணம் கட்ட டிராஃப்ட் வேண்டும் என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். என் பழைய கிளை இருந்த பக்கம். அவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும், அங்கேயே எடுத்திருக்கலாமே என்றேன்.

"உம்மாதான் உங்களைத் தேடிப் போய் எடுக்கச் சொன்னாவ" என்றாள்.

டிராஃப்ட் தயாராகும்வரை எதிரில் உட்காரவைத்தேன். வீடு கட்டி முடித்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளே சொன்னாள். புது வீடு கடைக்காலோடு நின்றுபோயிற்று. உம்மா தான் இருந்த வீட்டை இவளுக்குக் கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு, சின்னம்மா வீட்டு மாடியில் ஒரு அறையில் இருக்கிறாள். வாப்பா அங்கேயே இன்னும் கொஞ்ச வருஷம் கூடுதலாக உழைத்துவிட்டு இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். குறை சொல்லும் தொனியே இல்லை. ஊர்ச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு பர்ஸிலிருந்து ஒரு பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"ஹஜ்ஜுக்குப் போறதுக்கு முன்ன தெரிஞ்சவங்க எல்லார்ட்டயும் போய்ப் பொறுத்துக்கிடச் சொல்லிக் கேக்கணும். பயண வேலைக்கெடையில உம்மாவால இம்புட்டுத் தூரம் வர முடியல. உங்களுக்கு உம்மாவை ஞாபகம் இருக்காதுன்னுதான் படத்தைக் குடுத்துவிட்டாவ." கொஞ்சம் தயங்கினாள். "ஒருநாள் உங்களை மனசுக்குள்ள ரொம்ப ஏசிட்டாவளாம். அதைப் பொறுத்துக்கிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

ஆயுளில் ஒரே ஒரு முறை எடுத்த படம். வெள்ளைப் பின்னணியில் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

எனக்கு அவளை ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காத்திருந்தாள், அவள் அம்மாவுக்கு எடுத்துப்போக ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"பொறுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. டிராஃப்டைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும், இது ஒன்றுதான் மிச்சம் என்று சொல்லி, படத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.